டேபிளை அழித்தோம்... டேட்டா எங்கே?



'டிராப் டேபிள்' என்ற கட்டளை நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. 'டேபிளின் அமைப்பையும் அதிலுள்ள தகவலையும் நீக்கும்' என்று எழுதினால் முழு மார்க் கிடைத்துவிடும். ஆனால் டேட்டா வேர்ஹவுஸ் பக்கம் போனால் இந்த விடை சில சமயம் சரி, சில சமயம் தப்பு. எப்போது சரி, எப்போது தப்பு என்று தெரியாமல் எங்கள் புராஜக்ட் பேட்ச் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் போய்விடாமல் கடைசி வரை படியுங்கள்.

அட்டையும் புத்தகமும்

நாங்கள் பயன்படுத்தியது ஹைவ் என்ற மென்பொருள். ஃபேஸ்புக் நிறுவனத்தில் உருவாகி, 2008-ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. ஹடூப் கிளஸ்டரில் கிடக்கும் ஃபைல்களை டேபிள் மாதிரி பாவித்து எஸ்.க்யூ.எல். கேள்வி கேட்க இது உதவுகிறது.

'டேபிள் மாதிரி' என்பதைக் கவனியுங்கள். ஹைவில் டேட்டா ஒரு இடத்தில், டேபிள் பற்றிய விவரம் வேறு இடத்தில். டேட்டா, ஹெச்.டி.எஃப்.எஸ். என்னும் ஃபைல் சிஸ்டத்தில் சாதாரண ஃபைலாக இருக்கும். டேபிளின் பெயர் என்ன, எத்தனை ஃபீல்டு, ஃபைல் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் 'மெட்டாஸ்டோர்' என்ற இடத்தில் இருக்கும்.

நம் நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் புத்தகம், டிராயரில் கேட்டலாக் அட்டை. டேபிள் என்பது அட்டை. டேட்டா என்பது புத்தகம்.

இப்போது 'டிராப் டேபிள்' கொடுத்தால் என்ன ஆகும்? அது டேபிளின் வகையைப் பொறுத்தது.

1. எக்ஸ்டர்னல் டேபிள்: அட்டை மட்டும் கிழிக்கப்படும். புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். வேறு அட்டை எழுதிக்கொள்ளலாம்.

2. மேனேஜ்டு டேபிள்: புத்தகத்துக்குச் சொந்தக்காரர் ஹைவ்தான். அட்டையைக் கிழித்து, புத்தகத்தையும் தூக்கிவிடும்.

டேபிள் உருவாக்கும்போது 'எக்ஸ்டர்னல்' என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் சாதாரணமாக அது மேனேஜ்டு டேபிள்தான். ஒரே ஒரு சொல்! அதை விட்டதுதான் எங்கள் கதை.

நடந்தது என்ன?

விடுதியின் கரண்ட் மீட்டரை மணிக்கு ஒருமுறை பார்த்து, 40 நாள், மொத்தம் 960 ரீடிங் நோட்டில் குறித்தோம். ராத்திரி இரண்டு மணி ரீடிங்குக்கு அலாரம் வைத்து எழுந்த கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும். (960 வரிக்கு ஹடூப் எதற்கு என்று கேட்காதீர்கள். புராஜக்ட் தலைப்பு அப்படி!) நாளுக்கு ஒரு ஃபைலாக டைப் செய்து ஹெச்.டி.எஃப்.எஸ்.ஸில் ஏற்றினோம். முதல் 25 நாள் ஃபைல்கள் பென் டிரைவிலும் இருந்தன. மீதி 15 நாளை லேப் சிஸ்டத்தில் டைப் செய்து நேரே ஏற்றிவிட்டோம். பிறகு அந்த சிஸ்டத்தை ஃபார்மட் செய்துவிட்டார்கள்.

டேபிள் உருவாக்கி, 'லோட் டேட்டா இன்பாத்' கொடுத்தோம். பார்த்தால் தேதி ஃபீல்டு முழுக்க 'நல்' 'நல்' என்று வருகிறது. தமிழில் நல் என்றால் நல்லது. இங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம்! நாங்கள் நாள்-மாதம்-வருடம் என்று டைப் செய்திருந்தோம். ஹைவின் தேதி வகைக்கு வருடம்-மாதம்-நாள் என்று இருக்க வேண்டும்.

"டேபிளைத் தூக்கிடுடா. ஃபைல்தான் ஹெச்.டி.எஃப்.எஸ்.ல இருக்கே, வேற டேபிள் போட்டுக்கலாம்" என்றான் நண்பன். எனக்கும் சரியென்றே பட்டது. எண்டர் தட்டினேன். 'ஓகே' என்று வந்தது. பழைய டைரக்டரியைத் திறந்து பார்த்தால்... காலி! போச்சு!

எங்கே தப்பு?

முதல் தப்பு: 'லோட் டேட்டா இன்பாத்' ஃபைலை நகல் எடுப்பதில்லை. ஹெச்.டி.எஃப்.எஸ்.ஸுக்குள் இருக்கும் ஃபைலை டேபிளின் டைரக்டரிக்கு நகர்த்திவிடும். 'லோக்கல்' என்ற சொல் சேர்த்து நம் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றினால்தான் நகல். அதாவது எங்கள் ஒரே பிரதி ஏற்கெனவே ஹைவின் கைக்குப் போய்விட்டது.

இரண்டாவது தப்பு: டேபிள் மேனேஜ்டு வகை.

மூன்றாவது: ஹடூப்பில் குப்பைத்தொட்டி வசதி உண்டு. ஆனால் அதன் கால அளவு, அடிப்படை அமைப்பில் 0. அதாவது வசதி அணைந்தே இருக்கும். நாங்கள் போட்டுப் பார்க்கவே இல்லை.

'ஹெச்.டி.எஃப்.எஸ். ஒவ்வொரு பிளாக்கையும் மூன்று பிரதி வைக்குமே?' என்று கேட்பீர்கள். உண்மைதான், சாதாரணமாக மூன்று. ஆனால் அது டிஸ்க் கெட்டுப்போனால் காப்பாற்ற. நாமே அழிக்கச் சொன்னால் மூன்றையும் சமர்த்தாக அழித்துவிடும். இதனால்தான் பிரதி வேறு, பேக்கப் வேறு என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், டேபிளை அழிக்க அவசியமே இல்லை. தேதி ஃபீல்டின் வகையை 'ஆல்டர் டேபிள்' மூலம் ஸ்ட்ரிங் என்று மாற்றியிருந்தால் தேதிகள் அப்படியே தெரிந்திருக்கும். ஹைவ் ஃபைலைப் படிக்கும்போதுதான் வகையைப் பொருத்திப் பார்க்கிறது. ஃபைலில் இருந்த எழுத்து ஒன்றுகூடக் கெடவில்லை.

ரெவ்யூவுக்கு முதல் நாள் இரவு முழுக்க நோட்டைப் பார்த்து மறுபடி டைப் செய்தோம். ஒரு நாளுக்கான பக்கம் மட்டும் நோட்டில் கிழிந்து போயிருந்தது. பக்கத்து நாள் எண்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தோம். மனசு கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் '39 நாள்' என்றே எழுதினோம். வைவாவில் காரணம் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னோம்.

இன்னும் சில பள்ளங்கள்

* 'இன்சர்ட் ஓவர்ரைட்' சேர்ப்பது இல்லை. இருந்ததை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுவது. ஸ்பார்க்கில் இன்னும் கவனம் தேவை. எந்தப் பார்ட்டிஷன் என்று குறிப்பிடாமல் ஒரே ஒரு நாள் டேட்டாவை ஓவர்ரைட் செய்தால், சாதாரண ஸ்பார்க் டேபிளில் மற்ற நாள்களின் பார்ட்டிஷன்களும் போய்விடும். அதன் அடிப்படை முறை 'ஸ்டாட்டிக்'. 'டைனமிக்' என்று மாற்றினால்தான் அந்த நாள் மட்டும் மாறும்.

* இரண்டு டேபிள் ஒரே டைரக்டரியைக் காட்டினால், 'டெஸ்ட் டேபிள்தானே' என்று மேனேஜ்டு டேபிளை அழிக்கும்போது நிஜ டேபிளும் காலியாகும்.

* எக்ஸ்டர்னல் என்றாலே பயமில்லை என்றும் இருக்க முடியாது. புதிய ஹைவ் பதிப்புகளில் 'எக்ஸ்டர்னல் டேபிள் பர்ஜ்' என்ற பண்பு 'ட்ரூ' என்றிருந்தால் ஃபைலும் சேர்ந்து போகும்.

* ஸ்னோஃப்ளேக்கில் 'அன்டிராப்' இருக்கிறது. ஆனால் கெடு உண்டு. அடிப்படையாக 1 நாள். என்டர்பிரைஸ் பதிப்பில் 90 நாள் வரை நீட்டலாம்.

பேக்கப் இருந்தாலும் சோதிக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். தினசரி பேக்கப் நடப்பதாக நம்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அது வேலையே செய்யவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான்.

எண்டர் தட்டும் முன்

1. 'டிஸ்கிரைப் ஃபார்மட்டட்' கொடுத்து டேபிள் வகை, லொகேஷன் இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள்.
2. அந்த லொகேஷனில் உள்ள ஃபைல்களை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள்.
3. குப்பைத்தொட்டி வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். 'பர்ஜ்' என்ற சொல்லைச் சேர்த்தால் தொட்டிக்கும் போகாது.
4. பேக்கப்பிலிருந்து ஒருமுறையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள்.
5. அழிக்காமலே சரி செய்ய வழி உண்டா என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாங்கள் இழந்தது ஒரு விடுதி மீட்டரின் ஒரு நாள் கணக்கு. நாளை நம் கையில் இருக்கப்போவது யாரோ ஒருவரின் சம்பளக் கணக்கோ, மருத்துவமனைப் பதிவோ. அங்கே திரும்ப டைப் செய்ய நோட்டு இருக்காது.

ஜூனியர்களே, அந்தக் கிழிந்த நோட்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்!