ஜெர்மன் படிக்கிறீர்களா? கணினியை வேலை வாங்குங்கள்!

நர்சிங் வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஜெர்மன் படிப்பவர்களுக்கு, வகுப்புக்கு வெளியே நல்ல துணை கணினிதான்.

டாய்ச்ச வெல்ல ஊடகத்தின் ‘நிக்கோஸ் வேக்’ வீடியோ பாடங்கள் ஏ1 முதல் பி1 நிலைவரை இலவசம். ஒரு காட்சியை முதலில் சப்டைட்டில் இல்லாமல் கேளுங்கள். அடுத்த முறை ஜெர்மன் சப்டைட்டிலோடு பாருங்கள். ஆங்கில சப்டைட்டில் வேண்டாம். கண் அதிலேயே நின்றுவிடும், காது உழைக்காது.

சொற்களுக்கு ‘ஆங்கி’. மறக்கப்போகும் நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் காட்டும் மென்பொருள் இது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஜெர்மனில் மேசைக்கும் கதவுக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. அதனால் ஆங்கியின் சொல் அட்டையில் மேசைக்கு ‘டிஷ்’ என்று மட்டும் எழுதாமல், ஆண்பாலைக் காட்டும் ‘டேர்’ சேர்த்து ‘டேர் டிஷ்’ என்றே எழுதுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை படிக்க வேண்டிவரும். நாளுக்குப் பத்துப் புதுச் சொற்கள் தாராளம்.

உச்சரிப்பைச் சோதிக்க, ஃபோனின் குரல் தட்டச்சை ஜெர்மனுக்கு மாற்றிப் பேசிப் பாருங்கள். சொன்னது அப்படியே திரையில் வந்தால் நல்ல அறிகுறி. ‘யு’ எழுத்தின் மேல் இரு புள்ளி வரும் ஒலிதான் நம்மைப் படுத்தும்: நாக்கை ‘ஈ’ சொல்வதுபோல் வைத்து, உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள், வந்துவிடும்.

கட்டுரையை முதலில் நீங்களே எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் திறங்கள். கணினியில் ஜெர்மன் விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும், கவனம்.