ஆமைக்கு இரண்டு நாள் விருந்து

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஒரு பழமொழி உண்டு. அமீனா என்றால் கடனுக்காக வீட்டை ஜப்தி செய்ய வரும் கோர்ட்டுச் சேவகர். ஆமை பாவம். அது யார் வீட்டையும் ஜப்தி செய்ததில்லை.

இன்று சிலர் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். "நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் பணம் கொட்டும்" என்கிறார்கள். அப்படிச் சொல்லியே அதைத் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். இரண்டு பேச்சுமே மூடநம்பிக்கைதான். ஆனால் ஒன்று உண்மை. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்த்தால், அமீனா வராவிட்டாலும் வனத்துறை அதிகாரி வரலாம்.

அது ஏன்? அப்படிப்பட்ட ஆமை நம் கையில் கிடைத்தால் என்ன செய்வது? படித்துப் பார்ப்போம்.

அண்ணாச்சியின் கேள்வி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்கார அண்ணாச்சியும் அறிவொளித் தொண்டரும் பேசுகிறார்கள்.

அண்ணாச்சி: தங்கச்சி, கடைக்குப் பின்னால சாக்குக்கு அடியில ஓர் ஆமை கிடந்தது. முதுகெல்லாம் மஞ்சள் கோடு. பேரன் விளையாட வீட்டிலேயே வச்சுக்கலாமா?

தொண்டர்: அதன் கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?

அண்ணாச்சி: குட்டி யானைக் கால் மாதிரி இருக்கு.

தொண்டர்: அப்படின்னா அது தரை ஆமை. குளத்து ஆமைக்கு விரலுக்கு நடுவே தோல் இருக்கும், நீந்துறதுக்கு. நீங்க சொல்றது நட்சத்திர ஆமையா இருக்கும். இது நம்ம ஊர்ல தானா வாழுற ஆமை இல்லை. யாரோ வளர்த்தது தப்பி வந்திருக்கும்.

அண்ணாச்சி: அப்போ பக்கத்துக் குளத்துல விட்டுடட்டுமா?

தொண்டர்: ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி! அதுக்கு நீந்தத் தெரியாது. முழுகிச் செத்துப் போகும்.

அண்ணாச்சி: வளர்க்கவும் கூடாது, விடவும் கூடாதுன்னா என்னதான் செய்ய?

தொண்டர்: விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க. இதுக்கு ரெண்டு நாள்தான். அதுக்குள்ள வனத்துறைக்குச் சொல்லிடணும். அதுவரைக்கும் பத்திரமா வச்சிருக்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1972-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022-இல் அது திருத்தப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் உள்ளது. புலியும் யானையும் உள்ள அட்டவணை அது. இந்த ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இத்தகைய விலங்கு அரசின் சொத்து. அது நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். இதுவும் சட்டத்தில் உள்ளது.

உலக நாடுகளும் இதில் சேர்ந்திருக்கின்றன. 2019-இல் ஜெனீவா நகரில் ஒரு மாநாடு நடந்தது. நட்சத்திர ஆமையை வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டு போகக் கூடாது என்று அங்கே முடிவானது. அதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஒரே ஒரு வட்டாரத்தில் மட்டும் ஓர் ஆண்டில் 55,000 ஆமைகளுக்கு மேல் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பெட்டியிலும் பையிலும் நெருக்கி அடைத்துக் கடத்துகிறார்கள். வழியிலேயே பல செத்துவிடும்.

வீட்டில் ஏன் வாழாது?

நட்சத்திர ஆமையின் சொந்த இடம் வறண்ட புதர்க்காடு. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான், பாகிஸ்தான், இலங்கை ஆகிய இடங்களில் அது வாழ்கிறது. காய்ந்த புல்லுக்கு நடுவே நின்றால், அதன் மஞ்சள் கோடுகள் புல்லோடு கலந்துவிடும். எதிரியின் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

ஆமையின் ஓடு சட்டை போன்றது அல்ல. கழற்றி மாட்ட முடியாது. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து வளர்ந்ததே ஓடு. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடம்பில் சேர வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் போதாது. அதற்குத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெயில் படாமல் வளரும் ஆமைக்கு ஓடு மெலியும், கோணும். பிறகு நடக்கவே முடியாது.

திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழையும் உண்டு, துலா மழையும் உண்டு. சுவரே வியர்க்கும் ஊர் இது. ஈரமும் குளிரும் விடாமல் இருந்தால் ஆமைக்குச் சளி பிடிக்கும். மூக்கு ஒழுகும், வாயைத் திறந்து மூச்சு விடும். ஆமை கத்தாது, அழாது. நோய் முற்றிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

இரண்டு நாளுக்கு ஓர் இடம்

வனத்துறையினர் வரும்வரை ஆமையை இப்படி வைக்கலாம்.

1. பெட்டி: பழப் பெட்டியோ அகலமான பிளாஸ்டிக் தொட்டியோ போதும். உள்ளங்கை அளவு ஆமைக்கு மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம் இருக்கட்டும். சுவர் ஓர் அடி உயரம் வேண்டும். கண்ணாடித் தொட்டி வேண்டாம். வெளியே வழி இருப்பதாக நினைத்து ஆமை முட்டிக்கொண்டே இருக்கும்.

2. தரை: வழுவழுப்பான தரையில் அதன் கால் சறுக்கும். காய்ந்த மண்ணை இரண்டு விரற்கடை உயரம் பரப்புங்கள். மேலே காய்ந்த புல் போடுங்கள்.

3. ஒளியும் இடம்: உடைந்த மண்பானையின் பாதியை ஒரு மூலையில் கவிழ்த்து வையுங்கள். பயந்த ஆமை அதற்குள் போய் அமைதியாக இருக்கும்.

4. வெயில்: காலை வெயிலில் சிறிது நேரம் பெட்டியை வெளியே வையுங்கள். பாதியில் நிழல் இருக்கட்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நாயும் காக்கையும் வரும். இரவில் மின்விசிறிக் காற்றும் மழைச் சாரலும் படக் கூடாது.

5. தண்ணீர்: தட்டையான மண்தட்டில் வையுங்கள். ஆமையின் தாடைக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. வாளியில் போடவே வேண்டாம்.

6. உணவு: அருகம்புல், செம்பருத்திப் பூவும் இலையும், முருங்கைக்கீரை கொடுக்கலாம். சோறு, பால், பிஸ்கட், இறைச்சி கொடுக்காதீர்கள்.

7. நம் பாதுகாப்பு: ஆமையின் உடம்பில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சிறு குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு இந்த நோய் வந்ததால், அமெரிக்காவில் சிறிய ஆமைகளை வளர்ப்பதற்காக விற்பதை 1975-இலேயே தடுத்தார்கள்.

பிறகு எங்கே போகும்?

ஒப்படைத்த ஆமையைக் கண்ட இடத்தில் விட்டுவிட முடியாது. நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பொருத்தமான காடு வேண்டும். இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கும் உடுமலைப்பேட்டைக்கும் இடையே சின்னார் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அது மழை குறைந்த முள்காடு. கேரளத்தில் நட்சத்திர ஆமை வாழும் இடம் அதுதான். கடத்தலில் பிடிபட்ட ஆமைகளை அங்கே கொண்டுபோய்ப் பழக்கிக் காட்டில் விட்டிருக்கிறார்கள்.

கடையில் வாங்கிய வெளிநாட்டு ஆமை என்றால்?

அதையும் ஓடையில் விடக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க ஆமையை மீன்தொட்டிக் கடைகளில் விற்று வந்தார்கள். குட்டி ரூபாய்க் காசு அளவே இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி நீளம் வரும். அலுத்துப் போனவர்கள் வாய்க்காலில் விட்டார்கள். 2018-இல் திருச்சூர் காளத்தோடு பகுதியில் அது கண்டுபிடிக்கப்பட்டது. நம் குளத்து ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். அதனால் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் அந்த ஆமைகளைத் தேடிச் சேகரிக்கத் தொடங்கியது.

நாமே எழுதுவோம்

தொலைபேசியில் சொன்னாலும், எழுதிக் கொடுப்பது நல்லது. ஒரு நகல் நம்மிடம் இருக்கட்டும். இதைப் பார்த்து உங்கள் நோட்டில் எழுதுங்கள். கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்.

மதிப்பிற்குரிய வனச்சரக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ......... தேதி ......... மணிக்கு ......... என்ற இடத்தில் ஓர் ஆமையைக் கண்டேன். அதைப் பத்திரமாக வைத்துள்ளேன். அதைப் பெற்றுக்கொண்டு எனக்கு ரசீது தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர்: .........
முகவரி: .........
கையொப்பம்: .........

யோசித்துப் பாருங்கள்

1. தரை ஆமையை எப்படி அடையாளம் காண்பது?
2. 1972-இல் வந்த சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. இடையில் எத்தனை ஆண்டுகள்?
3. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஆமை கிடைத்தது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் தெரிவிக்க வேண்டும்?
4. "பணம் கொட்டும், வாங்கு" என்று ஒருவர் ஆமையை நீட்டினால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் குழுவில் பேசுங்கள்.