பின்கதவைத் திறந்து பாருங்கள்

கொழும்பு மட்டக்குளியில் ஸ்டோர், கராஜ், தையல் நிலையம் என்று எதை நடத்தினாலும் முதலில் பார்க்க வேண்டியது பின்கதவை; தீயணைப்பான் அடுத்தது. திருட்டுப் பயத்தில் அந்தக் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போடுவது நம்மவர் வழக்கம். தொழிற்சாலைகளில் அது குற்றம். உள்ளே ஆட்கள் இருக்கும்வரை கதவுகள் உள்ளிருந்து உடனே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்.

கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் 2012 செப்டெம்பரில் தீயில் சிக்கி 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வழிகள் பூட்டிக் கிடந்தன, யன்னல்களுக்குக் கம்பி. சில வாரங்களுக்கு முன்புதான் அதற்குச் சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது! ஆகவே சுவரில் தொங்கும் தாளை மட்டும் நம்பாதீர்கள்.

வீட்டையோ கடையையோ ஸ்டோராக மாற்றுமுன் கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புத் திணைக்களத்திடம் ஆலோசனை கேளுங்கள். முதலாளி பூட்டைக் கழற்ற மறுத்தால், தொழிலாளர் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிடலாம்.

அழுத்தமானி உள்ள தீயணைப்பானில் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மின்பலகை அருகே காபனீரொட்சைட்டு வகை நல்லது. அங்கே தண்ணீர் ஊற்றவே கூடாது. தின்னர், பெயின்ட் வாளிகளைப் படிக்கட்டின் கீழ் அடுக்க வேண்டாம்.

தீ என்றால் உடனே 110. ஒழுங்கை முனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள்: லொறிகளை ஒதுக்கவும், தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்டவும்.