அறிவியல் பாடத்தை எந்த மேடையில் ஏற்றுவது?

திருவனந்தபுரத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆன்லைன் பாடம் தயாரிக்க உட்கார்ந்தால், “கூகுள் கிளாஸ்ரூமா, மூடுலா?” என்ற கேள்விதான் முதலில் வரும். இரண்டுக்கும் இந்த ஊரில் ஆள் உண்டு. மூடுல் கட்டற்ற மென்பொருள். கட்டற்ற மென்பொருளுக்கான இந்திய அறக்கட்டளை 2001-ல் தொடங்கியது இங்கேதான். அரசுப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸை நிலைக்க வைத்த கைட் நிறுவனம் இருப்பதும் இங்கே, பூஜப்புரையில். அதே கைட்தான் 2021-ல் பள்ளி மாணவர்களுக்காகக் கிளாஸ்ரூம் அடங்கிய கூகுளின் ஜி-சூட்டையும் கொண்டுவந்தது. ஆகவே கொள்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. பாடத்தில் என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

விரிவுரை வீடியோவைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். 2020 ஜூன் 1 முதல் கைட் விக்டர்ஸ் சேனலின் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் வந்தன. தமிழ் வழி மாணவர்களுக்கும் தனியாக எடுக்கப்பட்டன. கல்லூரி நிலைக்கு என்பிடெல் இருக்கிறது. நீங்களும் கேமரா முன் நின்று நியூட்டன் விதியைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? அந்த வீடியோக்களால் முடியாதது ஒன்றுதான்: பையன் போட்ட தப்பு எங்கே வந்தது என்று அவனுக்குச் சொல்வது. மேடையை அதற்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். 80 செ.மீ. நூல், நுனியில் ஒரு பூட்டு, கையில் போனின் ஸ்டாப்வாட்ச். வீட்டிலேயே செய்துவிடலாம். 20 அலைவுக்கு ஏறக்குறைய 36 விநாடி ஆகும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு அனுப்பச் சொல்கிறீர்கள். திருவனந்தபுரத்தில் அதன் மதிப்பு சுமார் 9.78, புத்தகத்தில் 9.8. ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.3 விநாடி முன்பின் ஆனாலே விடை 9.62-க்கும் 9.94-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். கிளாஸ்ரூமோடு வரும் கூகுள் ஃபார்ம்ஸில் சிறு விடைக் கேள்வியாக இதைக் கேட்டால், நீங்கள் பட்டியலிட்ட விடையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் மதிப்பெண். நேர்மையாக அளந்து 9.71 என்று எழுதியவனுக்குப் பூஜ்யம். புத்தகத்தைப் பார்த்து 9.8 என்று போட்டவனுக்கு முழு மதிப்பெண். அறிவியல் ஆசிரியர் கற்றுக்கொடுக்கக் கூடாத பாடம் இதுதான்.

மூடுலின் எண் விடைக் கேள்வியில் 9.78 என்று போட்டு, பக்கத்தில் ஏற்கத்தக்க பிழையாக 0.3 என்று கொடுக்கலாம். அதைவிட முக்கியம், தவறான விடைகளுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி வைக்கலாம் என்பது. 39-ஐ ஒட்டி விடை வந்தால், “ஒரு பக்கம் போனதையே முழு அலைவாக எண்ணியிருக்கிறாய், போய்த் திரும்பினால்தான் ஒன்று” என்று அது சொல்லும். 978-ஐ ஒட்டி வந்தால், “செ.மீ.யை மீட்டராக மாற்றவில்லை”. லேபில் மேசை மேசையாகப் போய் நாம் சொல்லும் அதே இரண்டு வாக்கியங்கள்தான். கணக்கீட்டுக் கேள்வி என்று இன்னொரு வகையும் உண்டு. சூத்திரத்தை ஒரு தடவை எழுதிவிட்டால், ஆளுக்கு ஆள் வேறு எண் போகும். வாட்ஸ்அப்பில் விடை சுற்றினாலும் பயனில்லை.

மூடுலின் இன்னொரு வசதி நிபந்தனைப் பூட்டு. “நூலை இரட்டிப்பாக்கினால் அலைவு நேரம் என்ன ஆகும்?” என்று முதலில் ஊகித்து எழுதி அனுப்பினால்தான் ஃபெட் தளத்தின் ஊசல் சிமுலேஷன் திறக்கும்படி வைக்கலாம். ஊகிக்காமல் சிமுலேஷனைத் தொட்டவன் விளையாடிவிட்டுப் போய்விடுவான். மலையாளமும் தமிழும் கலந்த வகுப்பென்றால், ஒரே பக்கத்தில் இரண்டு மொழியிலும் எழுதி, மாணவர் தேர்ந்த மொழியில் மட்டும் தெரியச் செய்யும் வடிகட்டியும் இருக்கிறது. சாலைச் சந்தைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது சின்ன உதவி அல்ல. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வானொலி வழியே பள்ளிப் பாடம் படித்த மார்ட்டின் டோகியாமஸ் 2002-ல் வெளியிட்ட மென்பொருள் மூடுல். தூரத்தில் இருக்கும் மாணவனை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூடுலில் தொல்லையும் உண்டு. சர்வர் வேண்டும், அதைப் புதுப்பிக்க ஆள் வேண்டும். தேர்வு பத்து மணிக்கு என்றால் மொத்த வகுப்பும் பத்து மணிக்கே நுழையும், சின்ன சர்வர் படுத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். இதையெல்லாம் கவனிக்க ஆள் இல்லாத கல்லூரி மூடுலை நிறுவாமல் இருப்பதே நல்லது. கிளாஸ்ரூமுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் வகுப்பு தயார்.

கூட்டாகத் தரவு சேர்ப்பதில் கிளாஸ்ரூமோடு வரும் ஷீட்ஸ்தான் வசதி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஊருக்கென்றே ஒரு செய்முறை இருக்கிறது. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவ இங்குள்ள தும்பாவைத் தேர்ந்ததற்குக் காரணம், காந்த நிலநடுக்கோடு பக்கத்திலேயே ஓடுவது. ஃபைஃபாக்ஸ் செயலியைத் திறந்து, போனை மேசைமேல் படுக்கவைத்து, காந்தப்புலத்தை அளக்கச் சொல்லுங்கள். கிடைமட்டப் புலம் 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்கும். செங்குத்துப் புலம் அதன் பக்கத்தில் மிகச் சிறியதாக இருக்கும். டெல்லியில் உள்ள உறவினரை இதையே அளக்கச் சொன்னால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும். காந்தம் வைத்த போன் உறையைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். எல்லாரும் ஒரே ஷீட்டில் ஊரையும் எண்ணையும் போட்டால், காந்தச் சரிவு பாடம் தானாக வந்து நிற்கும்.

மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் இந்தப் போட்டியில் இல்லை. அங்கே பாடம் ஏற்ற தேசிய ஒருங்கிணைப்பாளர்கள் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் வகுப்புக்கு நாளைக்கே தேவை என்றால் உதவாது. ஆனால் வீடியோ, படிக்கும் பகுதி, சுயமதிப்பீடு, விவாதம் என்ற அதன் நான்கு பகுதி அமைப்பைக் கடன் வாங்கலாம்.

ஒரு பருவத்துக்கு மட்டும், ஒரே வகுப்புக்கு என்றால் கிளாஸ்ரூம் போதும். எண் விடைகளை மட்டும் நீங்களே கையால் திருத்துங்கள். அதே பாடத்தை வருஷாவருஷம் எடுப்பவர், சர்வரைப் பார்க்க ஆள் உள்ளவர் மூடுலுக்குப் போகலாம். முதல் வருஷம் இரண்டு யூனிட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். தப்பு விடைகளுக்கான பதில்களைப் போன வருஷ ரெக்கார்ட் நோட்டுகளைப் புரட்டி எழுதுங்கள். பருவம் முடிந்த அன்றே பாடத்தின் பேக்கப் கோப்பை இறக்கி, சர்வருக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள்.