இயந்திர ஒலியும் இரட்டைக்கிளவியும்

இரட்டித்து நின்றே பொருள் தருவதும் பிரித்தால் பொருள் தராததுமாகிய சொல் இரட்டைக்கிளவி. தொல்காப்பியர் இதனைக் கிளவியாக்கத்தில் வைத்துக் கூறுகிறார். வகுப்பறையில் நாம் ‘சலசல’, ‘கலகல’ என்று இரண்டு எடுத்துக்காட்டுத் தந்து, அடுக்குத்தொடரினின்று வேறுபடுத்திக் காட்டி, அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். இச்சொற்களின் பயன் எத்தகையது என்பதைக் கேளம்பாக்கத்து மோட்டார் சைக்கிள் பட்டறை ஒன்றில்தான் நாம் கற்றோம்.

நம்முடையது பழைய புல்லட். 1955இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் வழிவந்த 350. அதில் சில நாட்களாக மாறுபட்ட ஒலி கேட்டது. “வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது” என்றோம். “ஏதோன்னா எப்படி பாய்? டிக்டிக்னு வருதா, கடகடன்னு வருதா? சூடாகறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று மெக்கானிக் கேட்டார். தமிழ் கற்பிக்கும் நமக்கு விடை கூற இயலவில்லை. பிறகு வருவதாகச் சொல்லித் திரும்பிவிட்டோம்.

அடுத்த வியாழன் இரவு, தாயாரைப் பின்னால் அமர்த்திக் கோவளம் தர்காவிலிருந்து வந்துகொண்டிருந்தோம். உப்பளங்களின் அருகே ‘கடகட’ ஒலி மிகுந்தது. திடீரென எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் இழுபட்டது. கிளட்சைப் பிடித்ததால் சக்கரம் விடுபட்டு வண்டி ஓரம் சேர்ந்தது. இறைவன் காத்தான். மறுநாள் பட்டறையில் எண்ணெயை வடித்தபோது மிகச் சிறிதளவே வந்தது. அதிலும் உலோகத் துகள்கள் மின்னின. கனெக்டிங் ராடின் அடிப்பேரிங் தேய்ந்திருந்தது. எண்ணெய் அளவைப் பாராத பிழை நம்முடையதே.

அதன்பின் பல மாலைகள் அப்பட்டறையில் அமர்ந்து கேட்டறிந்தவற்றை இங்குத் தருகிறோம்.

‘டிக்டிக்’ என்னும் மெல்லொலி எஞ்சினின் மேற்பகுதியில் எழுந்தால் டேப்பட்டை ஐயுற வேண்டும். கிராங்க் இருமுறை சுழல, வால்வைத் திறக்கும் கேம் ஒருமுறையே சுழலும். எனவே இவ்வொலியின் தாளம் எஞ்சின் வேகத்தில் பாதி. பழைய புல்லட்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில், வால்வுகள் மூடிய நிலையில், புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்ப்பர். அது எளிதில் உருள வேண்டும். மேலும் கீழும் ஆடலாகாது. ஹைட்ராலிக் டேப்பட் உடைய பிற்கால எஞ்சின்களுக்கு இச்சரிசெய்தல் இல்லை.

‘தட்தட்’ என்று குளிரில் கேட்டுச் சூடேறியதும் அடங்குவது பிஸ்டன் ஒலி. வெப்பத்தால் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதே காரணம். ‘கடகட’வோ இதற்கு மாறானது. சூட்டில் எண்ணெய் நீர்த்துவிட, பாரம் ஏறுந்தோறும் வலுக்கும். அதனைக் கேட்டபின் வண்டியை ஓட்டவே கூடாது. முன்னாடியா பின்னாடியா என்று அவர் கேட்டதன் உட்பொருள் இதுவே.

மேல்கியரில் மெல்லச் செல்கையில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் எழும் ‘கிணுகிணு’ ஒலி, எரிவாயு தன்போக்கில் வெடிப்பதைக் காட்டும். கியரைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிடில் இக்னிஷன் டைமிங்கையும் கரிப்படிவையும் பார்க்க வேண்டும். ‘கரகர’ என்பது இப்பகுதியில் மிகுதி. உப்புக்காற்று செயினைத் துருவேற்றிவிடுகிறது. எஞ்சினை நிறுத்தி வண்டியைத் தள்ளினாலும் அவ்வொலி தொடர்ந்தால் குற்றம் எஞ்சினில் இல்லை.

ஒலி எழும் இடத்தை அறிய, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதருகே வைப்பார் அவர். 1816இல் பாரிசில் லென்னெக் என்னும் மருத்துவர் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இவ்வகையினதே. ஸ்டெதஸ்கோப் அதிலிருந்து பிறந்தது.

டகரம் மொழிக்கு முதலாகாதே, ‘டிக்டிக்’ என்பதை எவ்வாறு ஏற்பது என்று புலவர் வினவலாம். ‘டிக்’ எனத் தனித்தும் வருவதால் அது இரட்டைக்கிளவியே அன்று என்றும் கூறலாம். இரண்டும் நேரிய தடைகளே. அதனை ஒலிக்குறிப்பு என்று கொள்கிறோம். ‘கடகட’, ‘கரகர’, ‘கிணுகிணு’ ஆகிய மூன்றையும் இவ்வாண்டு முதல் வகுப்பில் எடுத்துக்காட்டாகத் தருகிறோம். அவ்வொலிகள் எஞ்சினில் எங்கே, எப்போது எழும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். இருசக்கர வண்டியில் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் அப்போது மட்டும் ஏட்டைத் திறந்து எழுதிக்கொள்கிறார்கள்.