கடல் கடந்த யுத்தமும் பொதுஜன அபிப்பிராயமும்

(கிராம சங்க அங்கத்தினர்களுக்குரிய பாடம்)



சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்து ஐக்கிய நாணய சங்கத்தின் பொதுக்கூட்டத்திற்கு நான் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவருக்குக் கிணறு வெட்டக் கடன் கொடுக்கலாமா என்பது அன்றைய விஷயம். கொடுக்கலாம் என்று இருபது கைகள் ஒருங்கே உயர்ந்தன. "நல்லது, ஜாமீன் கையெழுத்திடுவோர் யார்?" என்று தலைவர் கேட்டார். உயர்ந்த கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவிட்டன. கடைசியில் எழுந்து நின்றவர் இருவரே. அவ்விருவருள் ஒருவர் கடன் கொடுக்க வேண்டாம் என்று முதலில் வாதாடியவர். நான் வியந்து காரணம் கேட்டதற்கு, "வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கொடுப்பதென்று சங்கம் தீர்மானித்துவிட்ட பின்பு அவர் கடன் என் கடனுமாகும்" என்றார்.

அபிப்பிராயம் சொல்வது வேறு, அதற்குப் பொறுப்பேற்பது வேறு என்பதை அன்று கண்டேன். இவ்வேற்றுமை சங்கக் காரியத்தில் மட்டுமன்று, தேசக் காரியத்திலும் உண்டு. ஒரு தேசம் வாங்கும் கடன்களில் மிகப் பெரியது யுத்தமேயாகும். அக்கடனுக்கு ஈடாக வைக்கப்படுவது நிலமுமன்று, நகையுமன்று. வாலிபர்களின் உயிரே ஈடு. அத்தகைய கடனைப்பற்றி ஜனங்கள் எவ்வாறு அபிப்பிராயம் சொன்னார்கள், சொன்ன பின்பு எவ்வாறு பொறுப்பேற்றார்கள் என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். இதற்கு ஆஸ்திரேலியா தேசத்தின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். கடல் கடந்த யுத்தத்திற்கு ஆட்களைக் கட்டாயமாக அனுப்பலாமா என்று அத்தேசத்துச் சர்க்கார் தம் ஜனங்களையே இரண்டு முறை நேரில் கேட்டனர்.

1. யுத்தம் வந்த விதம்

1914-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் இங்கிலாந்து ஜெர்மனியின்மீது யுத்தம் தொடுத்தது. ஆஸ்திரேலியா அப்போது பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தில் ஓர் அங்கம். ஆகவே அதுவும் யுத்தத்தில் சேர்ந்ததாயிற்று. அதன் ஜனத்தொகை அந்நாளில் ஐம்பது லட்சத்திற்கும் சற்றுக் குறைவு. சில வாரங்களில் பிரதம மந்திரியாகவிருந்த ஆண்ட்ரூ பிஷர் என்பவர், கடைசி மனிதனையும் கடைசி ஷில்லிங்கையும் கொடுத்தேனும் தாய்நாட்டுக்குத் துணை நிற்போம் என்று தேர்தல் கூட்டத்தில் கூறினார். கேட்டோர் மகிழ்ந்தனர். அந்தக் கடைசி மனிதன் எவன் வீட்டுப் பிள்ளை, அந்தக் கடைசி ஷில்லிங் எவன் பையிலுள்ளது என்று அந்த உற்சாகத்தில் கேட்பார் அதிகமில்லை.

அந்நாட்டின் அந்நாளைய சட்டப்படி சர்க்கார் ஒருவனைக் கட்டாயமாகப் பட்டாளத்திற்கு அழைப்பது சொந்த நாட்டைக் காப்பதற்கு மட்டுமே. கடல் கடந்து போவோர் தாமாக விரும்பிச் சேர வேண்டும். முதலில் வாலிபர்கள் திரள் திரளாகச் சேர்ந்தனர். 1915 ஏப்ரல் 25-ந் தேதி அவர்கள் துருக்கி தேசத்துக் கல்லிபோலிக் கரையில் இறங்கினர். எட்டு மாதம் அங்கே போராடி, 8,000-க்கு மேற்பட்டவரைப் பலிகொடுத்து, கருதிய காரியம் கைகூடாமல் டிசம்பர் மாதத்தில் திரும்பினர். பின்பு பிரான்சு தேசத்துப் போர்முனைக்குச் சென்றனர். 1916 ஜூலை 19-ந் தேதி தொடங்கிய பிரமெல் சண்டையில், ஓர் இரவு விடிவதற்குள் மாண்டும் காயமுற்றும் சிறைப்பட்டும் போனவர் 5,533 பேர். அடுத்து நிகழ்ந்த போஸியேர் சண்டையில் ஆறு வாரங்களில் அவ்வாறு நஷ்டமானவர் ஏறக்குறைய 23,000 பேர்.

இச்செய்திகள் ஊர்தோறும் வந்தன. புதிதாகச் சேருவோர் தொகையோ குறைந்துகொண்டே வந்தது. போர்முனையிலுள்ள படைகளுக்கு மாதந்தோறும் 16,500 பேர் வேண்டுமென்று பிரதம மந்திரி வில்லியம் ஹியூஸ் கணக்குக் காட்டினார். கட்டாயச் சட்டம் மேற்சபையில் நிறைவேறாதென்று கண்டு, 1916 அக்டோபர் 28-ந் தேதி ஜனங்களின் வோட்டைக் கேட்பதென்று தீர்மானித்தார்.

2. இரு கட்சியாரின் நியாயங்கள்

கட்டாயம் வேண்டும் என்றோர் கூறியதாவது: நம் பிள்ளைகள் சேற்றிலும் குண்டு மழையிலும் நிற்கின்றனர். அவர்களுக்குத் துணை அனுப்பாமல் விடுவது துரோகம். விரும்பினவர் மட்டும் போவதென்றால் நல்லவன் வீடு பாழாகிறது. சுயநலக்காரன் வீடு தழைக்கிறது. பாரம் எல்லார் தோளிலும் சமமாக ஏற வேண்டும். மூன்று மக்களை அனுப்பிய தாய், ஒருவனையும் அனுப்பாத அடுத்த வீட்டைப் பார்த்து இவ்வாறு கேட்டால் அதைத் தவறென்று யார் சொல்லக் கூடும்?

வேண்டாம் என்றோர் கூறியதாவது: ஒருவன் தன் உயிரைத் தானே கொடுப்பது தியாகம், பிறன் உயிரை வோட்டுப் போட்டு வாங்குவது தியாகமாகாது. செல்வரின் பணத்தைக் கட்டாயமாக எடுக்காத சர்க்கார் ஏழையின் உடலை மட்டும் எடுப்பது நியாயமா என்று தொழிலாளர் சங்கத்தினர் கேட்டனர். தம் நாட்டில் பிரிட்டிஷார் நடத்திய அடக்குமுறையை எண்ணி ஐரிஷ் வம்சத்தார் பலர் மனம் கசந்திருந்தனர். மெல்போர்ன் நகரத்துக் கத்தோலிக்க மதத்தலைவர்களுள் ஒருவரான மானிக்ஸ் இக்கட்சிக்காகப் பேசினார். குடியானவர்களின் கவலை வேறு. வோட்டுக்கு முன்னரே, செப்டம்பர் கடைசியில், மணமாகாத வாலிபர்களை உள்நாட்டுப் பயிற்சிக்கு வருமாறு சர்க்கார் உத்தரவிட்டனர். அது கோதுமை அறுவடை நெருங்கும் காலம். விளைந்த பயிரை அறுக்க ஆளில்லாமற் போகுமே என்று அவர்கள் அஞ்சினர்.

இரு கட்சியிலும் நியாயம் இருந்தது. இரு கட்சியிலும் அநியாயமும் இருந்தது. போகாத வாலிபனுக்குக் கோழை என்னும் குறிப்பாக வெள்ளை இறகை அனுப்பி அவமதித்தனர் ஒருசாரார். அவனுக்கு நோயுற்ற தாய் உண்டா, கண் பார்வை சரியாக உண்டா என்று அவர்கள் விசாரித்தாரில்லை. எதிர்க் கட்சியிலோ, வெள்ளையர் போருக்குப் போய்விட்டால் கறுப்பரும் ஆசியரும் வந்து கூலி வேலையைப் பறித்துக்கொள்வர் என்று வெறுப்பை மூட்டினோர் பலர். பிறன் தோலின் நிறத்தைக் காட்டிப் பயமுறுத்திச் சேர்க்கும் வோட்டு எக்கட்சிக்கும் பெருமை தராது.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. அத்தேசத்துப் பழங்குடியினரில் பெரும்பாலோர்க்கு இந்த விஷயத்தில் வோட்டே கிடையாது. பட்டாளத்தில் சேரவும் தடை இருந்தது. அப்படியிருந்தும் அவர்களுள் ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்து போர்முனைக்குச் சென்றனர். சம உரிமை பெறாதவர் சம அபாயத்தை ஏற்றார்கள்.

3. ஜனங்களின் தீர்ப்பு

ஆண்களும் பெண்களும் வோட்டளித்தனர். வேண்டும் என்றோர் 10,87,557 பேர். வேண்டாம் என்றோர் 11,60,033 பேர். வித்தியாசம் 72,476. விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா ஆகிய மூன்று மாகாணங்கள் வேண்டும் என்றன. ஏனைய மூன்றும் வேண்டாம் என்றன.

போர்வீரர்களின் வோட்டு நம்மைச் சிந்திக்கச் செய்வது. அவர்களுள் 72,399 பேர் கட்டாயத்தை ஆதரித்தனர். 58,894 பேர் எதிர்த்தனர். துணைக்கு ஆள் வந்தால் தமக்கே நன்மை என்பதை அறிந்திருந்தும், இத்தனை பேர் வேண்டாம் என்றது ஏன்? தாங்கள் கண்ட துன்பத்திற்கு மனமில்லாத ஒருவனை இழுத்துவர அவர்கள் உள்ளம் இசையவில்லை என்று சரித்திரக்காரர் கூறுவர். இவ்வாறு வோட்டளித்தவரைத் தேசபக்தி இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் நின்ற இடமே அதற்குச் சான்று.

இதன் பயனாக ஆளுங்கட்சியாகிய தொழிற்கட்சி பிளந்தது. நவம்பர் மாதத்தில் ஹியூஸ் தம்மைச் சேர்ந்தவர்களுடன் வெளியேறிப் புதிய கட்சி அமைத்தார். 1917 மே மாதத்துத் தேர்தலில் ஜனங்கள் அவருக்கே பெரு வெற்றி தந்தனர். ஆகவே, கட்டாயம் வேண்டாம் என்றவர் எல்லாரும் யுத்தம் வேண்டாம் என்றவரல்லர் என்பது விளங்கும்.

அவ்வருஷம் பெல்ஜியத்தில் நடந்த சண்டைகளில் நஷ்டம் மிகுந்தது. 1917 டிசம்பர் 20-ந் தேதி ஹியூஸ் மீண்டும் வோட்டுக் கேட்டார். தானாகச் சேருவோர் மாதம் 7,000-க்குக் குறைந்தால், குறைந்த தொகைக்கு மணமாகாதவருள் சீட்டுப் போட்டு ஆள் எடுப்பது என்பது இம்முறை திட்டம். ஆனால் வோட்டுச் சீட்டில் கட்டாயம் என்னும் சொல்லே காணப்படவில்லை. கடல் கடந்த படைகளுக்குத் துணை அனுப்பும் சர்க்கார் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று மட்டும் கேட்கப்பட்டது. வேண்டும் என்றோர் 10,15,159. வேண்டாம் என்றோர் 11,81,747. வித்தியாசம் 1,66,588 ஆகப் பெருகியது. தீர்மானத்தின் சொல்லை மெருகிட்டு அதன் பாரத்தை மறைக்கலாம் என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

4. திரும்பி வந்தோரின் கதி

யுத்தம் 1918 நவம்பர் 11-ந் தேதி நின்றது. பட்டாளத்தில் சேர்ந்தவர் மொத்தம் 4,16,809 பேர். கடல் கடந்து சென்றவர் 3,30,000 பேருக்குக் குறையார். மாண்டவர் 60,000-க்கு மேல். காயமுற்றும் விஷப்புகையால் கெட்டும் சிறைப்பட்டும் துன்புற்றவர் ஏறக்குறைய 1,56,000 பேர். ஊர்தோறும் ஞாபகச் சின்னங்கள் எழுந்தன. அனைவரும் விரும்பிச் சென்றவராதலால், பல ஊர்களில் மாண்டவர் பெயரோடு மீண்டு வந்தவர் பெயரையும் கல்லில் பொறித்தனர்.

கல்லில் பெயர் பொறிப்பது எளிது. உயிரோடு வந்தவனுக்குச் சோறும் தொழிலும் கொடுப்பது எளிதன்று. மீண்டவர்களைக் குடியானவர்களாக்கக் கருதிச் சர்க்கார் நிலமும் கடனும் தந்தனர். 37,000-க்கு மேற்பட்டோர் இவ்வாறு குடியேறினர். பலர் கொஞ்ச காலத்திற்குள் நிலத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. இதனால் வந்த நஷ்டத்தை ஆராய்ந்த நீதிபதி பைக் என்பவர் 1929-ல் அளித்த அறிக்கையில், நஷ்டம் ஏறக்குறைய 2 கோடியே 35 லட்சம் பவுன் என்று மதிப்பிட்டார். அதற்கு அவர் காட்டிய காரணங்கள் நான்கு: கைமுதல் இல்லாமை, ஒரு குடும்பம் பிழைக்கப் போதாத அளவு நிலம், விவசாயப் பழக்கமில்லாத ஆட்கள், விளைபொருள்களின் விலை இறக்கம்.

நாணய சங்கத்தை நடத்தும் நமக்கு இந்நான்கும் புதியனவல்ல. கடன் கொடுக்குமுன் நாம் பார்க்க வேண்டியவையும் இவையே. விஷப்புகையால் நெஞ்சு கெட்டவனுக்கு வறண்ட காட்டைக் கொடுத்து, வேரைப் பிடுங்கி உழுது வட்டியும் கட்டு என்றால், அது நன்றிக்கடனைத் தீர்ப்பதாகுமா? பழங்குடி வீரருள் இந்நிலம் பெற்றவரோ மிகச் சிலர். நிலம் ஆதியில் யாருடையதோ அவர்க்கே அது மறுக்கப்பட்டது.

5. நாம் அறியவேண்டுவன

முதலாவது, யுத்தத்தைப் பற்றி ஒருவன் என்ன அபிப்பிராயம் கொண்டான் என்பதைக்கொண்டு மட்டும் அவன் தேசபக்தியை அளக்கலாகாது. வேண்டும் என்றவனிடமும் சுயநலம் இருக்கலாம். வேண்டாம் என்றவனிடமும் அன்பு இருக்கலாம்.

இரண்டாவது, பாரம் சுமப்பவன் பிறனாகவும் கை தூக்குபவன் தானாகவும் இருக்கும்போது ஒருவன் பன்மடங்கு யோசிக்க வேண்டும். "நான் போவேனா? என் மகனை அனுப்புவேனா? என் பையிலிருந்து கொடுப்பேனா?" என்னும் மூன்று கேள்விகளுக்கும் தனக்குத்தானே விடை சொல்லிக்கொண்டவனது வோட்டே முழு வோட்டு.

மூன்றாவது, போர் முடிந்த பின்பு கட்சியில்லை. அனுப்பு என்றவனும் அனுப்பாதே என்றவனும் மீண்டு வந்தவனுக்கும், மாண்டவன் வீட்டாருக்கும் சமமாகக் கடன்பட்டவர்கள். முன் சொன்ன கூட்டத்தில், வேண்டாம் என்று வாதாடிப் பின் ஜாமீன் கையெழுத்திட்ட அந்த அங்கத்தினர் இதை அறிந்திருந்தார். அக்கிணற்றில் நீர் ஊறும்வரை, தவணை நாள்தோறும் கடன்காரரை நேரில் கண்டு விசாரித்து வந்தவரும் அவரே.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. விரும்பிச் சேர்ந்தவரைக்கொண்டு மட்டும் போர் நடத்துவதில் உள்ள நன்மை தீமைகள் யாவை?

2. போர்முனையில் நின்றவருள் ஒரு பகுதியார் கட்டாயத்தை எதிர்த்ததற்கு நீங்கள் கருதும் காரணம் என்ன?

3. 1917-ம் வருஷத்து வோட்டுச் சீட்டின் வாசகத்தில் குறை என்ன? நம் சங்கத் தீர்மானங்களில் அத்தகைய குறை வராமல் எழுதுவது எப்படி?

4. நீதிபதி பைக் கூறிய நான்கு காரணங்களை, நம் சங்கத்தில் தவணை தவறிய கடன் ஒன்றோடு ஒப்பிட்டு நோக்குக.

5. நம் ஊரிலிருந்து பட்டாளத்திற்குச் சென்று மீண்டவர் குடும்பத்திற்கு நம் சங்கம் செய்யக்கூடியது யாது?