லீவ் முதல் செட்டில்மென்ட் வரை: எச்.ஆர். மென்பொருளில் வொர்க்ஃப்ளோ அமைப்பது எப்படி?

எச்.ஆர். மென்பொருள் விற்க வருபவர் பெரும்பாலும் முதலில் காட்டுவது பிறந்தநாள் வாழ்த்தைத்தான். தேதி வந்ததும் பலூன் படத்தோடு மெயில் தானாகப் போகும். பார்க்கிற முதலாளிக்கும் பிடித்துவிடும். ஆனால் மாதக் கடைசியில் எச்.ஆர். மேசையில் குவிகிற வேலை வேறு. கைரேகை வைக்க மறந்தவர்கள், சூப்பர்வைசரிடம் தேங்கிக் கிடக்கும் லீவ் விண்ணப்பங்கள், வேலையை விட்டுப் போய் மாதங்கள் ஆகியும் செட்டில்மென்ட் கேட்டு போன் செய்பவர்கள். தானியக்கம் வேண்டியது இங்கேதான்.

பேச வசதியாக ஒரு நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் இடம். 150 பேர், மூன்று ஷிஃப்ட். கம்பெனி மெயில் இருப்பது அலுவலகத்தில் இருபது பேருக்கு மட்டும். எச்.ஆரில் இரண்டே பேர். ஸோஹோ பீப்பிள், கிரேட் எச்.ஆர்., கேகா, திறமூல மென்பொருளான ஃப்ராப்பே எச்.ஆர். என்று எதை எடுத்தாலும் மெனுவில் பெயர்தான் மாறும். உள்ளே இருக்கும் வொர்க்ஃப்ளோ வகைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் படி: மென்பொருளைத் திறக்காதீர்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். எது நடந்தால் வேலை தொடங்குகிறது? யார் செய்ய வேண்டும்? எத்தனை நாளுக்குள்? அவர் செய்யாவிட்டால் என்ன? லீவ், பெர்மிஷன், ஓ.டி., அட்வான்ஸ், புதிதாகச் சேர்தல், புரொபேஷன் முடிதல், விலகல் என்று ஒவ்வொன்றையும் இதில் நிரப்புங்கள். முதல் மூன்று கட்டமும் அரைமணியில் நிறைந்துவிடும். நான்காவது காலியாகவே நிற்கும். தானியக்கம் சொதப்புவதும் பெரும்பாலும் அந்தக் காலிக் கட்டத்தில்தான். அதை நிரப்பாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நிரப்பியதும், வேலை எதனால் தொடங்குகிறது என்பதை வைத்துப் பிரித்துவிடலாம். ஒருவர் கேட்பதால் தொடங்குபவை ஒப்புதல் வகை. தேதி வந்ததால் தொடங்குபவை நாட்காட்டி வகை. ஒரு தொகையோ பதிலோ மாறுவதால் பாதை பிரிபவை நிபந்தனை வகை. ஒருவர் சேர்வதால் அல்லது விலகுவதால் பலருக்கு ஒரே நேரத்தில் வேலை கிளம்புபவை பணிப்பட்டியல் வகை.

இரண்டாம் படி: ஒப்புதல் வகை

ஒப்புதல் தருபவராக ஆளின் பெயரைப் போடாதீர்கள், பதவியைப் போடுங்கள். 'ஷிஃப்ட் சூப்பர்வைசர்' என்று அமைத்தால் ஆள் மாறும்போது விதியைத் தொட வேண்டியதில்லை. அந்த சூப்பர்வைசரே லீவ் கேட்டால் விண்ணப்பம் அவருக்கே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். சில அமைப்புகளில் வரும். அவரே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்வார்.

லீவுக்கு ஒரு நிலை ஒப்புதல் போதும். சூப்பர்வைசர், மேனேஜர், எச்.ஆர்., ஜி.எம். என்று நான்கு பேர் அழுத்த வேண்டிய லீவை நான்கு பேருமே படிப்பதில்லை. பணம் சம்பந்தப்பட்ட அட்வான்ஸுக்கு இரண்டு நிலை வைக்கலாம். இரண்டு நாள் பதில் இல்லாவிட்டால் அடுத்த மேலதிகாரிக்குத் தானாகப் போகும்படி செய்யுங்கள். பதில் இல்லையென்றால் தானாக நிராகரிக்கும் வசதியும் சில மென்பொருளில் உண்டு, அதைத் தொடாதீர்கள். சூப்பர்வைசர் பார்க்காத குற்றத்துக்குத் தொழிலாளிக்குச் சம்பளம் பிடிபடுவது நியாயமில்லை.

சட்டப்படி உரிமையாக வரும் விடுப்பை ஒப்புதல் வகையில் வைக்கவே கூடாது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்கு, உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. ஏற்கெனவே இருவர் இருந்தால் 12 வாரம். அவர் அனுப்புவது விண்ணப்பமல்ல, தகவல். மேனேஜர் திரையில் 'ரிஜெக்ட்' பொத்தான் தெரியக்கூடாது. 'தகவல் பெற்றேன்' என்பது போதும்.

இனி கைரேகை விடுபட்டதைச் சரிசெய்யும் வொர்க்ஃப்ளோ. இரவு பத்து மணிக்கு உள்ளே வந்து காலை ஆறுக்கு வெளியே போகிறவரின் இரண்டு பதிவுகளும் இரண்டு வேறு தேதிகளில் விழும். ஷிஃப்ட் விதியைச் சரியாக அமைக்காவிட்டால், அவர் நள்ளிரவு முழுக்க லேத்தில் நின்றிருப்பார், மென்பொருளோ அவருக்கு 'ஆப்சென்ட்' போட்டுக் குறுஞ்செய்தியும் அனுப்பியிருக்கும். ஆகவே ஷிஃப்ட் அமைப்பைச் சோதித்த பிறகே இந்தத் தானியங்கி எச்சரிக்கையைத் திறந்துவிடுங்கள். திருத்தம் கேட்க ஒரு கடைசித் தேதியும் வேண்டும். 26 முதல் 25 வரை வருகைக் கணக்கு வைப்பவர்கள் 27ஆம் தேதி மாலை பூட்டிவிடலாம். அதற்குப் பின் வரும் திருத்தம் அடுத்த மாத அரியராகப் போகட்டும்.

மெயில் இல்லாத 130 பேர் எப்படி விண்ணப்பிப்பார்கள்? மொபைல் செயலி, வாசலில் ஒரு கியாஸ்க், அல்லது அவர்கள் சார்பில் சூப்பர்வைசர் பதிவது. மூன்றாவது வழியை வைத்தால், பதிந்த உடனே தொழிலாளியின் போனுக்குத் தமிழில் செய்தி போக வேண்டும்: 'உங்கள் பெயரில் 12, 13 தேதிகளுக்கு லீவ் பதியப்பட்டுள்ளது.' கேட்காத லீவ் கணக்கில் ஏறுவதைத் தடுக்க இது ஒன்றே பாதுகாப்பு.

மூன்றாம் படி: நாட்காட்டி வகை

சம்பளத்தில் பிடித்த வருமான வரி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15ஆம் தேதிக்குள், ஃபார்ம் 16 ஜூன் 15க்குள். மார்ச் மாதத்து வரிக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். நினைவூட்டலைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்; ஐந்து நாள் முன்னதாக, இரண்டு பேருக்குப் போகட்டும்.

தொழில் வரியில் ஒரு பொறி இருக்கிறது. கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் அது மாதாமாதம் பிடிக்கப்படுவது; தமிழ்நாட்டில் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று அரையாண்டுக் கணக்கு, கட்டுவது உள்ளாட்சி அமைப்புக்கு. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உருவான மென்பொருள்களை நாம் நிறையப் பயன்படுத்துகிறோம். மாநில அமைப்பு 'தமிழ்நாடு' என்று இருக்கிறதா என முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

புரொபேஷன் முடிய முப்பது நாள் இருக்கும்போது மேனேஜருக்குக் கேள்வி போகலாம். ஆனால் நிரந்தரம் செய்வதோ நிறுத்துவதோ மனிதர் எழுதி முடிவெடுக்க வேண்டிய விஷயம். பிறந்தநாள் வாழ்த்து வேண்டுமென்றால் வையுங்கள். 'பணியில் உள்ளவர்' என்ற நிபந்தனையைச் சேர்க்க மறக்காதீர்கள். போன வருடம் காலமானவர் குடும்பத்துக்குக் கம்பெனியிலிருந்து பலூன் படம் போவதைவிட மோசமான செய்தி கிடையாது.

நான்காம் படி: நிபந்தனை வகை

சட்டம் தெரியாமல் அமைத்தால் மென்பொருள் தவறை ஒழுங்காக, மாதம் தவறாமல் செய்துகொண்டே இருக்கும். அதற்கு இ.எஸ்.ஐ. நல்ல உதாரணம். சம்பள உச்சவரம்பு ரூ. 21,000; தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனப் பங்கு 3.25 சதவீதம். 'சம்பளம் 21,000 தாண்டினால் நிறுத்து' என்று விதி எழுதத் தோன்றும். ஆனால் ஜூனில் இன்கிரிமென்ட் வந்து ஒருவர் வரம்பைத் தாண்டினாலும், அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் வரை அவர் இ.எஸ்.ஐ.யில் தொடர வேண்டும். ஆகவே விதி சம்பளம் மாறும் நாளில் ஓடக்கூடாது. ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய இரு நாட்களில்தான் தகுதியைப் பார்க்க வேண்டும்.

பி.எஃப்.பிலும் இப்படித்தான். உச்சவரம்பு ரூ. 15,000 என்பதால் 18,000 சம்பளத்தில் சேர்பவருக்கு வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. முந்தைய வேலையில் அவர் உறுப்பினராக இருந்து, கணக்கை முடிக்காமல் வந்திருந்தால் தொடர வேண்டும். எனவே சேரும் படிவத்தில் 'முன்பு பி.எஃப். இருந்ததா?' என்ற கேள்வியை வைத்து, ஆம் என்றால் பழைய யு.ஏ.என். கேட்கும் பாதைக்கும், இல்லை என்றால் வேறு பாதைக்கும் பிரியுங்கள்.

இந்த எண்களை விதிக்குள் நேரடியாக எழுதாமல் தனி அமைப்புப் பக்கத்தில் வையுங்கள். இ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரியில் 15,000இலிருந்து 21,000 ஆனது, பி.எஃப். வரம்பு 2014 செப்டம்பரில் 6,500இலிருந்து 15,000 ஆனது. இன்னொரு முறை மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

ஐந்தாம் படி: பணிப்பட்டியல் வகை

சேர்பவருக்கான பட்டியல் எளிது: நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு, பான், ஆதார், யூனிஃபார்ம், ஷிஃப்ட். ஃப்ராப்பே எச்.ஆரில் சேர்வதற்கும் விலகுவதற்கும் தனித்தனி டெம்ப்ளேட்டே இருக்கிறது. எல்லாவற்றையும் எச்.ஆரே செய்து முடித்துவிட முடியாது என்பதை மட்டும் கவனியுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் புதிய யு.ஏ.என். உமங் செயலியில் முகம் காட்டித்தான் பெற வேண்டும்; ஆகவே அந்தப் பணி தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும், எச்.ஆர். பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம். ஆதார் நகல் சூப்பர்வைசர் திரையில் தெரியாதபடி அனுமதிகளையும் அப்போதே பூட்டுங்கள்.

விலகுபவருக்கான பட்டியலில்தான் இப்போது அவசரம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். 45 நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லிப் பழகிய நிறுவனங்களுக்கு இது பெரிய மாற்றம். ஸ்டோர்ஸ் கையெழுத்துப் போட்ட பிறகு கேன்டீன், அதற்குப் பிறகு அக்கவுன்ட்ஸ் என்று வரிசையாக நோ டியூஸ் வாங்கினால் நிச்சயம் முடியாது. ராஜினாமா ஏற்கப்பட்ட நாளிலேயே எல்லாத் துறைக்கும் ஒரே நேரத்தில் பணி போக வேண்டும். நோட்டீஸ் காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது முடிக்காதவர்களின் பெயர் ஜி.எம். திரையில் வர வேண்டும். கடைசி நாளில் மிச்சம் இருக்க வேண்டியது அன்றைய வருகைக் கணக்கு மட்டுமே.

கிராஜுவிட்டிக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. அதைத் தனிப் பாதையாகப் பிரித்துவிடுங்கள், சம்பள பாக்கி அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வெளியேறிய தேதியை பி.எஃப். தளத்தில் பதிவதும் பட்டியலில் ஒரு வரியாக இருக்கட்டும். கம்பெனி மெயிலை முடக்குமுன் சொந்த மெயிலையும் போன் எண்ணையும் வாங்கிவிடுங்கள். ஃபார்ம் 16 அடுத்த ஜூனில்தான் வரும்.

ஆறாம் படி: விலக்க வேண்டியதை விலக்குங்கள், பிறகு சோதியுங்கள்

பாலியல் தொல்லைப் புகார் எந்த ஒப்புதல் சங்கிலியிலும் ஏறக்கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உள்ளகக் குழுவுக்கு நேராகப் போக வேண்டியது. பொதுவான குறைதீர் படிவத்தில் வந்து, மேனேஜர் வழியாகச் செல்லும்படி அமைத்திருந்தால், யார் மீது புகாரோ அவருக்கே தகவல் போகும்.

மற்றவற்றை ஒரு போலிப் பணியாளர் கணக்கு உருவாக்கிச் சோதியுங்கள். சரியான வழியைவிடத் தவறான வழிகளைப் பாருங்கள்: லீவ் மிச்சமில்லாதவர் கேட்டால்? ஒப்புதல் தருபவரே விலகிவிட்டால்? அரைநாள் லீவும் பெர்மிஷனும் ஒரே நாளில் வந்தால்? பிறகு ஒரு சம்பள மாதம் முழுக்கப் பழைய எக்செல்லையும் கூடவே ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எக்செல்தான் தப்பு என்பதும் சில சமயம் தெரியவரும்.

எதை முதலில் இயக்குவது என்றால், பெரும்பாலானோர் லீவிலிருந்து தொடங்குவார்கள். என் பரிந்துரை விலகல் பட்டியல். மாதம் மூன்று நான்கு பேருக்குத்தான் ஓடும் என்பதால் தவறு வந்தாலும் கையால் திருத்திவிடலாம். சட்டக் கெடு இறுக்கமாக இருப்பதும் அங்கேதான். அது இரண்டு மாதம் பிசகாமல் ஓடிய பிறகு லீவையும் கைரேகைத் திருத்தத்தையும் திறந்துவிடுங்கள்.